தெருமரத்தில் ஒரு மரவை: புதிதாகக் கடைபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அடையாறு காந்தி நகர் நிழற்சாலைகளிலும் தி.நகர் குறுக்குத் தெருக்களிலும் தூங்குமூஞ்சியும் இயல்வாகையும் வேரோடு கிடந்தன. அறுத்த துண்டுகள் லாரி லாரியாகப் போயின. அவற்றில் எத்தனை நல்ல கிண்ணங்கள் இருந்தன என்று அப்போது யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

தூங்குமூஞ்சியை நாம் விறகுக்குக்கூட இரண்டாந்தரம் என்போம். ஹவாய்த் தீவுகளில் அதே மரத்துக்கு ‘மங்கிபாட்’ என்று பெயர். அதில் கடைந்த கிண்ணங்களைப் போன நூற்றாண்டில் சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்து வாங்கிப் போனார்கள். நம் பூவரசு அங்கே ‘மிலோ’. உணவில் வாடை ஏற்றாத மரம் என்று அதில் சாப்பாட்டுக் கிண்ணம் செய்தார்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரமான புன்னையிலும் அவர்கள் கிண்ணம் செய்திருக்கிறார்கள். நமக்கும் இது புதிதில்லை. உப்புக்கும் புளிக்கும் மரவை வைத்திருந்த சமையற்கட்டுகள் இரண்டு தலைமுறைக்கு முன்புவரை இருந்தன. நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகளுக்கு நடுவே மரச் சொப்பு வாங்கியவர்கள் எல்லாரும் கடைசல் வேலையைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள்தான்.

இந்த வழிகாட்டி 8 அங்குல அகலத்தில் அலங்கார மரவை ஒன்றைக் கடைய. தேக்குப் பலகை வாங்கித் தொடங்காதீர்கள் என்பது என் கட்சி. காய்ந்த தேக்கு விலை அதிகம். கை பழகாதவருக்கு ஒவ்வொரு தவறும் பணமாகத் தெரியும், பயத்தில் உளி நடுங்கும். தெருவில் கழித்த பச்சை மரம் வெண்ணெய்போல் வெட்டுப்படும், தூள் பறக்காது, போனால் போகட்டும் என்று அடுத்த துண்டை எடுக்கலாம்.

எந்த மரம்

முதல் தேர்வு பூவரசு. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வீடுகளின் சுற்றுச்சுவர் ஓரத்தில் இன்னும் நிறைய நிற்கிறது. வைரம் செம்பழுப்பிலிருந்து சாக்லேட் நிறம் வரை போகும். வெளிறு வெளுப்பாக இருக்கும். இரண்டும் ஒரே கிண்ணத்தில் வந்தால் வண்ணம் பூசத் தேவையே இல்லை. கிழ மரங்களில் நடு பொந்தாக இருக்கும், ஆகவே அடித்துண்டை அறுத்த இடத்தில் பார்த்துவிட்டு எடுங்கள்.

அடுத்தது தூங்குமூஞ்சி. பச்சையாகக் கடைந்தாலும் அதிகம் சுருங்காது, அதனால் வெடிப்பது குறைவு. கருப்புக் கோடுகள் ஓடும் வைரம் பார்க்க அழகு. ஆனால் இழை இரு திசையிலும் பின்னி ஓடும். மழுங்கிய உளி பட்டால் பிய்த்துக்கொண்டு வரும். காய்ந்தபின் அதன் தூள் தும்மலைக் கிளப்பிவிடும்.

மா எங்கும் கிடைக்கும், வெட்ட எளிது. அறுத்துப் போட்டால் சில நாளிலேயே வெளிறில் நீலக் கறை ஏறும், உளுவும் சீக்கிரம் பிடிக்கும். எடுத்த வாரமே கடைவதானால் எடுங்கள். பலா கிடைத்தால் விடாதீர்கள். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம் அது. மஞ்சள் நிறம் வருடம் ஆக ஆகப் பழுப்பேறும். வேம்பு கடையலாம், தூள் தொண்டையில் கசக்கும். நெட்டிலிங்கம் வெளுத்த, லேசான மரம். கோலமோ வைரமோ கிடையாது, கைப்பழக்கத்துக்கு நல்லது.

குல்மொஹரும் முருங்கையும் எடுத்துவர வேண்டாம். தென்னை தொடங்குபவர்களுக்கு இல்லை. அரளி எந்த வகையாக இருந்தாலும் தொடாதீர்கள், அதன் பால் நஞ்சு. தூளை மூச்சில் இழுக்கும் வேலை அது.

எங்கே எடுப்பது, எங்கே எடுக்கக்கூடாது

நிற்கிற மரத்தில் கை வைக்கக்கூடாது. பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். சந்தனமும் செஞ்சந்தனமும் விழுந்து கிடந்தாலும் உங்களுடையது ஆகாது. தேக்கு போன்ற சிலவற்றைக் கொண்டுபோக 1968-ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறைச் சீட்டு தேவைப்படலாம். கோயில் மரம், பூங்கா மரம், தியோசாபிகல் சொசைட்டி தோட்டத்து மரம் இவற்றின் பக்கமே போக வேண்டாம்.

நமக்கு வேண்டியது வெட்டி முடித்த மரம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஆகஸ்ட், செப்டம்பரில், அடுக்குமாடிச் சங்கத்தார் கிளை கழிப்பார்கள். செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும். மழைக்காலத்தில் சாய்ந்த மரத்தை 1913-க்குச் சொன்னதும் மாநகராட்சி ஆட்கள் வாளோடு வருவார்கள். அந்த நேரம் பக்கத்தில் நின்று, “அண்ணே, அந்த அடித்துண்டு மட்டும் ஒண்ணரை அடியா அறுத்துக் குடுத்துடுங்க, மீதிய நீங்க எடுத்துட்டுப் போங்க” என்று கேட்டுப் பாருங்கள். லாரியில் ஏற்றும் பாரம் குறைவதால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அது மாநகராட்சி அப்புறப்படுத்தும் மரம். மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை.

சங்கிலி வாளை நீங்கள் கையில் எடுக்காதீர்கள். அது தனி வித்தை. இந்த வழிகாட்டியில் அதற்கு இடமில்லை.

10 அங்குல விட்டமுள்ள ஒன்றரை அடித் துண்டு 20 கிலோவுக்கு மேல் கனக்கும். ஆட்டோவில் ஏற்றும்முன் நீள வாட்டத்தில் இரண்டாகப் பிளந்துவிட்டால் தூக்கவும் எளிது, மரத்துக்கும் நல்லது. காரணம் கீழே.

ஆணி பார்த்தல்

சென்னைத் தெருமரத்தில் ஆணி இல்லாத துண்டு அபூர்வம். டியூஷன் பலகை, ‘வீடு வாடகைக்கு’ தகடு, கேபிள் கொக்கி, சீரியல் லைட் கட்டிய கம்பி, எல்லாம் பட்டைக்குள் வளர்ந்து மூடியிருக்கும். வெட்டுமுகத்தில் மசி கொட்டியதுபோல நீலக் கருப்பாக ஒரு கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது; மரத்தின் துவர்ப்புச் சத்தும் துருவும் சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. பட்டையை உரித்து, வலுவான காந்தம் ஒன்றை நூலில் கட்டி, மரத்தை ஒட்டி மெல்ல நகர்த்துங்கள். நூல் சாய்ந்தால் அங்கே உளி போகக்கூடாது. ஆழத்தில் புதைந்த ஆணி இதற்கு அகப்படாது. சிறிய மெட்டல் டிடெக்டர் வாங்கினால் நிம்மதி. சுழலும் மரத்தில் ஆணி உளியைத் தொட்டால் உளி வாய் போகும். ஆணி தெறித்தால் என்ன போகும் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே செய்யவேண்டியது

பச்சை மரம் வெட்டுமுகத்தின் வழியாகத்தான் வேகமாக ஈரத்தை விடும். உள்பகுதி ஈரமாகவே இருக்க, முனை மட்டும் சுருங்கும். சுருங்க இடமில்லாமல் வெடிக்கும். அடையாறின் கடற்காற்று ஈரமானது என்று நம்பி மொட்டை மாடியில் போட்டால், பிப்ரவரி வெயிலுக்கே மறுநாள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருக்கும்.

இரண்டு வேலை. முதலாவது, வளையங்களின் நடுப்புள்ளி எந்தத் துண்டிலும் இருக்கக்கூடாது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். நீள வாட்டத்தில் பிளந்து, தட்டை முகத்தில் அரை அங்குலம் சீவி அந்தப் புள்ளியை எடுத்துவிடுங்கள். இரண்டாவது, இரு வெட்டுமுகத்திலும் மெழுகு. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து மெழுகுவர்த்தியை உருக்கித் தடவலாம்; நெருப்பின் மேல் நேரடியாக வேண்டாம். அதற்குப் பொறுமை இல்லையென்றால் ஃபெவிகாலை இரண்டு கை கெட்டியாகப் பூசுங்கள், வேலை நடக்கும். நிழலில், தரையில் படாமல், ஒரு பழைய கோணியால் மூடி வையுங்கள். ஒரு வாரத்துக்குள் கடைய உட்கார்ந்துவிடுவது உத்தமம்.

கடைசல் இயந்திரமும் கருவிகளும்

லேத்தை முதலில் வாங்காதீர்கள். கட்டில் காலும் மாடிப்படித் தூணும் கடையும் பட்டறைகள் நகரில் இருக்கின்றன. ஆசாரியிடம் கேட்டுச் சில ஞாயிறுகள் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் பெரும்பாலும் இரு முனையும் பிடித்து நீளத் துண்டு கடைபவர், கிண்ணம் அவருக்கும் புதிதாக இருக்கலாம்; ஆனால் உளியைப் பிடிக்கும் கை, சத்தத்தைக் கேட்கும் காது இரண்டையும் அவரிடம்தான் கற்க முடியும். அம்பாசமுத்திரத்துச் சொப்புக் கடைசலைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் அதையும் விடாதீர்கள்.

பிறகு வாங்குவதானால் 12 அங்குல விட்டம் சுழலக்கூடிய, வேகத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் சிறிய லேத் போதும். முக்கால் குதிரைத்திறன் மோட்டார் வீட்டு மின்சாரத்திலேயே ஓடும். அடுக்குமாடியில் வைக்கிறவர்கள் அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டு, மேசையோடு முடுக்குங்கள். இல்லையேல் கீழ்வீட்டு மாமி மேலே வந்துவிடுவார்.

உளி மூன்று. கிண்ணத்துக்கான கௌஜ், அதாவது குழிந்த வாயுள்ள உளி, அரை அங்குலம். வட்ட முனைச் சுரண்டு உளி ஒன்று. அறுத்துப் பிரிக்கும் ஒல்லி உளி ஒன்று. மூன்றும் ஹைஸ்பீடு ஸ்டீலாக இருக்கட்டும். உளிக்கு ஆகும் செலவில் பாதியைச் சாணைக்கு ஒதுக்குங்கள். வெள்ளைக் கல் பூட்டிய சிறிய சாணை, கௌஜின் சாய்முகத்தை 45 முதல் 55 டிகிரிக்குள் ஒரே கோணத்தில் பிடிக்க ஒரு தாங்கி. பழகும் நாளில் கால்மணிக்கு ஒருமுறை சாணைக்குப் போவது அதிகமில்லை. புதியவர்கள் மரத்தின் மேல் போடும் பழியில் முக்கால்வாசி மழுங்கிய உளிக்கு உரியது.

இவை தவிர மரத்தைக் கவ்வும் நான்கு தாடைச் சக், மரத்தைத் திருகாணியால் பூட்டும் ஃபேஸ்பிளேட், தடிமன் அளக்கும் காலிப்பர்.

உடுப்பு

முகம் முழுக்க மூடும் கவசம் கட்டாயம், கண்ணாடி மட்டும் போதாது. கையுறை கூடாது, சுழலும் மரம் துணியைப் பிடித்தால் கையோடு இழுக்கும். அதே காரணத்தால் வேட்டி, துப்பட்டா, முழுக்கைச் சட்டை, விரித்த கூந்தல், வாட்ச், வளையல், கோயிலில் கட்டிவிட்ட மணிக்கட்டுக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டோ கட்டிவிட்டோ நில்லுங்கள். கயிற்றைக் கழற்ற மனம் வராதவர்கள் முழங்கைவரை இறுகப் பிடிக்கும் துணியுறையை அதன்மேல் மாட்டிக்கொள்ளலாம். மூக்குக்கு என்95. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

முதல் கடைசல்: வெளிப்புறம்

பிளந்த பாதித் துண்டின் தட்டை முகத்தில் 8 அங்குல வட்டம் வரைந்து, மூலைகளை அறுத்து எறியுங்கள். சா மில்லில் கொடுத்தால் பேண்ட்சாவில் வட்டமாகவே அறுத்துத் தருவார்கள். 10 அங்குல மரத்தின் பாதியில் 8 அங்குல அகலமும் சுமார் 3 அங்குல உயரமும் கிடைக்கும். பட்டைப் பக்கம் கிண்ணத்தின் அடி, தட்டைப் பக்கம் வாய்.

தட்டை முகத்தின் நடுவில் ஃபேஸ்பிளேட்டை வைத்து, தடித்த மரத் திருகாணிகளை ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் இறக்குங்கள். ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கருப்புத் திருகாணி படக்கென்று ஒடியும், அதைத் தொடாதீர்கள். இந்த ஓட்டைகள் பிறகு குடையும் பகுதியில்தான் வருகின்றன, கவலையில்லை. லேத்தில் பூட்டி, எதிர்முனையிலிருந்து டெயில்ஸ்டாக்கை நெருக்கி முட்டுக் கொடுங்கள். உளித்தாங்கியை மரத்துக்கு அரை அங்குலம் தள்ளி வைத்து, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கும் இடிக்கக்கூடாது.

வேகம்: மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றோடு பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் இடையில் வரவேண்டும் என்பது கடைபவர்களின் கணக்கு. 8 அங்குலத்துக்கு 750 முதல் 1100 வரை. ஆனால் அது உருண்டையான மரத்துக்கு. கோணல் துண்டை 400, 500-க்கு மேல் ஏற்றாதீர்கள். சுவிட்சைப் போடும் நொடியில் மரத்துக்கு நேரெதிரே நிற்காமல் ஒரு பக்கம் விலகி நில்லுங்கள். லேத் ஆடினால் வேகத்தைக் குறையுங்கள்.

இனி உளி. கைப்பிடியை இடுப்போடு அணைத்து, தண்டைத் தாங்கியின் மேல் வையுங்கள். முதலில் உளியின் சாய்முகம் மட்டும் மரத்தில் உரசட்டும். வெட்டு விழாது, டக் டக் என்று சத்தம் மட்டும் வரும். பிறகு கைப்பிடியை மெதுவாக உயர்த்துங்கள். ஒரு நூல் அளவில் வாய் மரத்தைத் தொடும், சீவல் பறக்கத் தொடங்கும். சாய்முகம் உரசிக்கொண்டே இருக்கும்வரை உளி உங்கள் சொல் கேட்கும். அது விலகி வாய் மட்டும் மரத்தில் பதிந்தால் உளி கொத்திக்கொள்ளும். பட்டென்று ஒரு அடி, மரத்தில் ஒரு பள்ளம். புதியவர்களுக்கு அது ஒரு முறையாவது நடக்கும். நின்று, சுவிட்சை அணைத்து, மரம் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

திசை முக்கியம். வெளிப்புறத்தை அடியிலிருந்து வாயை நோக்கி, சின்ன வட்டத்திலிருந்து பெரிய வட்டத்துக்கு வெட்டவேண்டும். அப்போது இழைகள் ஒன்றையொன்று தாங்கும். எதிர்த்திசையில் போனால் நிமிர்ந்து பிய்யும். பச்சைப் பூவரசு சரியாக வெட்டுப்படும்போது நீளமான நாடாவாக உரிந்து தோளில் விழும், முகக் கவசத்தில் சாறு தெறிக்கும். சீவல் வராமல் தூள் வந்தால் உளி மழுங்கிவிட்டது. சுற்றில் இரண்டு இடத்தில் மட்டும் சொரசொரப்பு தெரிந்தால் அது வெட்டுமுகம் எதிர்ப்படும் இடம். உளியைச் சாணை பிடித்து, மெல்லிய ஒரு வெட்டு விடுங்கள், போய்விடும்.

வடிவத்தில் ஆசைப்படாதீர்கள். அடியிலிருந்து வாய்வரை முறியாத ஒரே வளைவு போதும். பள்ளம், பட்டை, மணி, கோடு என்று முதல் மரவையிலேயே அள்ளி வைப்பவர்கள் உண்டு. மரத்தின் கோலத்தை அது தின்றுவிடும்.

கடைசியாக அடியில் ஒரு கழுந்து: சக்கின் தாடை கிட்டத்தட்ட மூடிய நிலையில் பிடிக்கும் அளவுக்கு, சாதாரணச் சக்குக்கு 2 அங்குலத்துக்குச் சற்று மேல் விட்டம், 6 மில்லிமீட்டர் உயரம். பச்சை மரத்துக்கு இன்னும் கொஞ்சம் அகலமாகவே விடுங்கள், காய்ந்தபின் திருத்தவேண்டும். கழுந்தின் நுனி சக்கின் அடியில் முட்டக்கூடாது. தோள்பட்டைதான் தாடையின் மேல் உட்காரவேண்டும். இது சரியில்லையென்றால் குடையும்போது கிண்ணம் பறந்து வரும்.

உள்ளே குடைதல்

திருப்பிச் சக்கில் பூட்டுங்கள். உள்ளே வெட்டும் திசை தலைகீழ்: வாயிலிருந்து நடுவுக்கு. நடுவில் ஆழத்தைக் குறிக்க ஒரு துளை போட்டுக்கொண்டால் அடியை ஓட்டையாக்கும் விபத்து நேராது. நடுவை நெருங்கும்போது உளியை மெதுவாக நகர்த்துங்கள், அங்கே மரம் ஏறக்குறைய நிற்கிறது.

பச்சையில் மெல்லிதாக்காதீர்கள். சுவரின் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு: 8 அங்குலத்துக்கு 2 சென்டிமீட்டர். அடியும் அதே அளவு. ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால் காயும்போது அங்கேதான் வெடிக்கும்.

காயவைத்தல்

கிண்ணத்தின் அடியில் மரத்தின் பெயரும் தேதியும் எழுதி, சமையலறைத் தராசில் எடையைப் போட்டு அதையும் எழுதுங்கள். வெளிப்புறம் வெட்டுமுகம் தெரியும் இரு பக்கத்திலும் மெழுகு. பழுப்புக் காகிதப் பையில், அது கடைந்த சீவலில் ஒரு பிடி போட்டு வைத்துக் கட்டி, அலமாரி மேலே காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மின்விசிறிக்கு நேரே வேண்டாம், ஏ.சி. அறை வேண்டாம், கத்திரி வெயில் வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் சீவல் பூஞ்சை பிடிக்கும். சில நாளுக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள். பிளாஸ்டிக் பை என்றால் பூசணம் நிச்சயம்.

வாரம் ஒருமுறை எடை. முதலில் மளமளவென்று குறையும், பிறகு நிதானமாகும். தொடர்ந்து சில வாரம் அசையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. மூன்று மாதமும் ஆகலாம், ஆறும் ஆகலாம். சென்னை வீட்டுக்குள் காயும் மரத்தில் பொதுவாக 12, 14 சதவீத ஈரம் தங்கிவிடும். அதற்குக் கீழே போகக் காத்திருக்க வேண்டாம்.

எடுத்துப் பார்த்தால் வட்டம் நீள்வட்டமாகியிருக்கும். மரம் இழையின் குறுக்கே சுருங்கும், நெடுக்கே அநேகமாகச் சுருங்காது. 2 சென்டிமீட்டர் விட்டது இதற்காகத்தான். நூல் போன்ற விரிசலில் மரத்தூளும் சூப்பர் குளூவும் அடைத்துத் தேற்றலாம். விரல் நகம் நுழையும் விரிசல் என்றால் அதைச் சுழற்றாதீர்கள்.

இரண்டாம் கடைசல்

கோணலான கழுந்தைச் சக் பிடிக்காது. கிண்ணத்தின் வாயை ஃபேஸ்பிளேட்டில் ஒட்டிய ஒரு மரத்தட்டில் கவிழ்த்து, அடியில் டெயில்ஸ்டாக்கை நெருக்கி, முதலில் கழுந்தை வட்டமாக்குங்கள். அப்படியே வெளிப்புறத்தையும் முடியுங்கள். பிறகு சக்கில் பூட்டி உள்ளே. சுவர் 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை வந்தால் போதும். முட்டையோடுபோல் மெலிய வைக்கும் போட்டியில் இறங்க இன்னும் காலமிருக்கிறது. வாயை முதலில் முடித்துவிட்டு உள்ளே இறங்குங்கள். மெலிந்தபின் வாய்க்குத் திரும்பினால் அது அதிரும்.

உப்புத்தாள் 120, 180, 240, 320 என்று வரிசையாக, குறைந்த வேகத்தில், தாங்கியை எடுத்துவிட்டு. ஒன்றைத் தாண்டினால் கீறல் மெருகில் காட்டிக்கொடுக்கும்.

மெருகு

அலங்கார மரவைக்கு இரண்டு வழி. பூவரசு, தூங்குமூஞ்சி, பலா போன்ற நிறமுள்ள மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய். மெல்லிதாகத் தேய்த்து, கால்மணி கழித்து மிச்சத்தைத் துடைத்து, ஒரு வாரம் காயவிட்டு இன்னொரு கை, கடைசியில் தேன்மெழுகு. தேங்காய் எண்ணெய் காயாது, சிக்கு வாடை வரும்.

நெட்டிலிங்கம் போன்ற வெளுத்த மரத்துக்கு அரக்கு. சன்னபட்டணத்துக் கைவினைஞர்கள் சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகிப் படியும். பிறகு தாழை மடலை மடித்து அழுத்தி ஓட்டினால் நிறம் பரவிப் பளபளக்கும். முழுக் கிண்ணத்துக்கும் பூச இது கைப்பழக்கம் கேட்கும். வெளியே ஒரு விரலகலப் பட்டைக்கு முதல் முறையே வரும்.

முடிந்தபின் கழுந்தை ஒல்லி உளியால் மெலித்து, நின்ற லேத்தில் சின்ன ரம்பத்தால் அறுத்து, அடியைச் சற்றுக் குழிவாக்கினால் மேசையில் ஆடாமல் நிற்கும்.

வெள்ளிக்கிழமை பூவோ, சாவிக்கொத்தோ, உலர்ந்த பாக்கோ போட்டு வைக்கலாம். தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், ஏ.சி.க்கு நேர் கீழே வைக்காதீர்கள். அடியில் மாவுபோல் பொடி உதிர்ந்தால் உளு வந்துவிட்டது. மற்ற மரச் சாமானிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடவே கூடாது: காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் உலர்த்தி, விறைத்தபின் எறியுங்கள்.